பழைய வீடியோவை அழித்தால் சேனல் வளருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூடியூப் சேனல் நடத்துபவர்களிடையே ஓர் அறிவுரை வெகுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘பார்வை வராத பழைய வீடியோக்கள் சேனலைக் கீழே இழுக்கின்றன. அவற்றை அழித்துவிட்டால் புதிய வீடியோக்கள் தானாக மேலே வரும்’ என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறது, பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள், பத்திரிகைகளின் தொழில்நுட்பக் கேள்வி-பதில் பகுதிகளிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கேட்க நியாயமாகத் தெரிந்தாலும் அது தவறு. யூடியூபில் அழித்த வீடியோவை மீட்க வழியே கிடையாது என்பதால், தவறின் விலையும் பெரிது. தமிழ்ச் சேனல்களுக்கு எடிட்டிங், அனலிட்டிக்ஸ் வேலைகளைச் செய்து கொடுப்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களை எழுதுகிறோம்.

பள்ளியில் ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி போடுவதுபோல, யூடியூபும் சேனலுக்கு ஒரு சராசரி போட்டு வைத்திருக்கிறது, தோற்ற வீடியோக்கள் அதைக் குறைத்துவிடுகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி நடப்பதில்லை. 2016ல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் பரிந்துரை முறையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன்படி வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. ஒருவர் ஆப்பைத் திறந்ததும், அவர் இதுவரை பார்த்தது, தேடியது ஆகியவற்றை வைத்து, லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து அவருக்கு ஒத்துவரக்கூடிய சில நூறு வீடியோக்கள் முதலில் பொறுக்கி எடுக்கப்படுகின்றன. பிறகு அந்தச் சில நூறும் ஒவ்வொன்றாக மதிப்பிடப்பட்டு வரிசைப்படுத்தப்படுகின்றன. அதில் முக்கியமான அளவுகோல், இந்த நபர் இந்த வீடியோவை எவ்வளவு நேரம் பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பு. 2012 வரை பார்வை எண்ணிக்கைக்கு இருந்த முதலிடம் அந்த ஆண்டில்தான் பார்வை நேரத்துக்குப் போனது. அதன்பின் ‘ஆர்வமில்லை’ பொத்தான், திருப்திக் கருத்துக்கணிப்பு போன்றவையும் கணக்கில் சேர்ந்தன. முறை பலமுறை மாறியிருந்தாலும் கணக்கின் மையத்தில் இருப்பவர் பார்வையாளர்தான். ஒரு வீடியோ சரியாகப் போகவில்லை என்பதற்காகச் சேனல் தண்டிக்கப்படுவதில்லை, சேனல் சராசரியைவிட அந்தந்த வீடியோவும் அதைப் பார்ப்பவர்களும் தரும் குறிப்புகளையே பரிந்துரை முறை அதிகம் சார்ந்திருக்கிறது என்றுதான் யூடியூபின் உதவிப் பக்கங்களும் சொல்கின்றன.

இன்னொரு கோணத்தில் யோசித்தாலும் அதே முடிவுதான் வரும். ஒரு வீடியோ கெட்ட பெயர் எடுக்க வேண்டுமானால் முதலில் அது யாருக்காவது காட்டப்பட வேண்டும். வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலில் பாதியளவாவது, ஒரு விநாடிக்கு மேல் திரையில் தெரிந்தால்தான் ஓர் இம்ப்ரெஷன் பதிவாகிறது. நான்கு வருடத்துக்கு முன் போட்டு, இன்று மாதத்துக்கு 20 இம்ப்ரெஷன்கூட வராத வீடியோவை யாரும் ஒதுக்கித் தள்ளவில்லை. அது யார் கண்ணிலும் படவே இல்லை. அதை அழிப்பதால் புதிய வீடியோவுக்கு ஓர் இடமும் காலியாவதில்லை.

பழைய வீடியோக்களுக்குப் பார்வை குறைவதும் பெரும்பாலும் இயல்பான விஷயம். 2016 கட்டுரையிலேயே, மக்கள் புதிதாக வந்ததை விரும்பிப் பார்க்கிறார்கள் என்பதற்காக வீடியோவின் வயதையும் கணக்கில் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்தி, விமர்சனம், டிரெண்டிங் வகை வீடியோக்கள் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். சமையல், பாடம், பழுதுபார்ப்பு வகை வீடியோக்கள் தேடல் வழியாக வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஓடும். முதல் வகையின் அளவுகோலால் இரண்டாவது வகையை அளந்துவிட்டு ‘சேனல் படுத்துவிட்டது’ என்று புலம்புபவர்கள் அதிகம். சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவில் புதிய வீடியோவுக்கு ‘10ல் 9வது இடம்’ என்று காட்டும் அட்டையும் இந்தப் பீதியைக் கிளப்புகிறது. அது கடைசியாகப் போட்ட 10 வீடியோக்களை, வெளியான அதே கால அளவில் வைத்து ஒப்பிடும் அட்டை மட்டுமே. 2019ல் போட்ட வீடியோவுக்கு அங்கே வேலையே இல்லை.

அப்படியானால் புதிய வீடியோ ஏன் எழும்பவில்லை? பல சேனல்களில் காரணம் பழைய தோல்வி இல்லை, பழைய வெற்றி. சமையல் சேனல் ஒன்றில் எப்போதோ போட்ட கல்யாண நடன வீடியோ 20 லட்சம் பார்வையைத் தொட்டு 15,000 சப்ஸ்கிரைபர்களைக் கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் நடனத்துக்காக வந்தவர்கள். இன்று வத்தக்குழம்பு வீடியோ போட்டால், அவர்களில் ஒரு பகுதியினரின் முகப்பிலும் அது காட்டப்படும். அவர்கள் கடந்து போவார்கள். இப்படி நாலைந்து முறை கடந்து போனவருக்கு அந்தச் சேனலின் வீடியோக்கள் மெல்லக் குறைந்துவிடும். முதல் சில மணி நேரத்து எண்கள் இதனால் மோசமாகத் தெரியும். நடன வீடியோவை அழித்தால் இது சரியாகுமா? ஆகாது. வீடியோ போய்விடும், அந்த 15,000 பேர் அப்படியே இருப்பார்கள். சமையலில் ஆர்வமுள்ளவர்களைத் தேடல் வழியாகவும் பரிந்துரை வழியாகவும் சேர்த்துக்கொண்டே போவதுதான் மருந்து. நடனத்தையும் தொடர ஆசை இருந்தால் அதற்குத் தனிச் சேனல் வைப்பது நல்லது.

அழிப்பதன் விலையைக் கணக்குப் போட்டே காட்டலாம். விளம்பர வருமானத்தில் பங்கு தரும் யூடியூபின் பார்ட்னர் திட்டத்தில் முழுப் பலன் கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடைசி 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதற்கு மாற்றாக 90 நாளில் ஷார்ட்ஸ் மூலம் 1 கோடி பார்வை. இந்த 4,000 மணி நேரத்தில் பப்ளிக் வீடியோக்களின் நேரம் மட்டுமே சேரும். பிரைவேட் (உரிமையாளரும் அவர் அனுமதித்தவர்களும் மட்டும் பார்ப்பது), அன்லிஸ்டட் (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்ப்பது), அழிக்கப்பட்ட வீடியோ எதுவும் சேராது, ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரமும் சேராது. ஒரு பழைய வீடியோவை நாளுக்கு 5 பேர், ஆளுக்குச் சராசரியாக 6 நிமிடம் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் பொருட்படுத்தாத எண் இது. வருடத்துக்கு 1,825 பார்வை, 10,950 நிமிடம், அதாவது 182 மணி நேரத்துக்குச் சற்று மேல். இப்படி 22 வீடியோ இருந்தால் 4,000 மணி நேரம் நிறைந்துவிடும். ‘குப்பை’ என்று நினைத்து ஒதுக்கிய இவற்றை விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் பிரைவேட்டாக மாற்றி, தகுதியை இழந்தவர்கள் உண்டு. பிரைவேட் ஆக்கியதைத் திரும்பப் பப்ளிக் ஆக்கலாம், அதுவாவது பரவாயில்லை. அழித்தவருக்கு அந்த வழியும் இல்லை.

மணி நேரம் மட்டும் போவதில்லை. அந்த வீடியோவுக்கு வந்த கமெண்டுகள், பிறர் தங்கள் பிளேலிஸ்ட்டில் சேர்த்து வைத்தது, வலைத்தளங்களிலும் குழுக்களிலும் பகிரப்பட்ட இணைப்பு எல்லாமே செத்துவிடும். அழித்துவிட்டு அதே வீடியோவை மறுபடி ஏற்றுவது இன்னும் வீண்வேலை. புதிய இணைப்பு, பூஜ்யத்திலிருந்து தொடக்கம், அதே பழைய தம்ப்நெயில், அதே இழுவையான தொடக்கம். முதல் முறை வேண்டாம் என்றவர்கள் இரண்டாம் முறை ஏன் வேண்டும் என்பார்கள்?

பழைய வீடியோ உண்மையிலேயே தொல்லை தரும் இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, காலாவதியான தகவல். டிஎன்பிஎஸ்சி பயிற்சிச் சேனல்களை எடுத்துக்கொள்வோம். குரூப் 4 தேர்வில் முன்பு பொதுத் தமிழ் அல்லது பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழைக் கட்டாயமாக்கிய 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு, 2022 தேர்விலிருந்து 100 தமிழ்க் கேள்விகள், 75 பொது அறிவு, 25 திறனறிவு என்று மொத்தம் 200 கேள்விகள். ‘பொது ஆங்கிலம் எடுத்தால் எளிது’ என்று சொல்லும் 2018 வீடியோ இன்னமும் பப்ளிக்காக இருந்தால், அதைத் தேடலில் கண்டு நுழையும் மாணவர் பாதியில் வெளியேறுவார், அல்லது நம்பி ஏமாறுவார். இரண்டுமே அந்தச் சேனலைப் பற்றிய அவருடைய முதல் அனுபவம். அந்த ஒரு மாணவருக்கு இனி அந்தச் சேனல் வேண்டாததாகிவிடுகிறது, அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் போகும் புதிய வீடியோவை அது தடுப்பதில்லை. ஆனாலும் தவறான தகவலை அப்படியே விட்டுவைப்பது அழகல்ல.

இதற்கும் அழிப்பது தேவையில்லை. வீடியோவில் முக்கால்வாசி இன்னும் பொருந்தும் என்றால் தலைப்பின் தொடக்கத்திலேயே ‘பழைய பாடத்திட்டம்’ என்று சேர்த்து, விவரக்குறிப்பின் முதல் வரியில் எது மாறியிருக்கிறது என்று எழுதி, புதிய வீடியோவின் இணைப்பைக் கொடுக்க வேண்டும். விவரக்குறிப்பை விரிக்காதவர்களுக்குத் தொடக்க வரிகளுக்கு மேல் தெரியாது என்பதால் இணைப்பு அங்கேதான் இருக்க வேண்டும். அதையே கமெண்டாகப் போட்டு ‘பின்’ செய்துவிடலாம். தவறான தகவல் சொல்லப்படும் அதே விநாடியில் புதிய வீடியோவுக்கு ஒரு கார்டு (வீடியோ ஓடும்போது மூலையில் தோன்றும் இணைப்பு) வைக்கலாம், ஒரு வீடியோவில் 5 கார்டு வரை வைக்க இடமுண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை தவறு என்றால் மட்டும் அன்லிஸ்டட். இணைப்பு வைத்திருப்பவர்களுக்குத் திறக்கும், தேடலிலும் பரிந்துரையிலும் வராது. பிரைவேட் ஆக்கினால் இணைப்பு வைத்திருப்பவருக்கும் கதவு மூடிவிடும்.

இரண்டாவது, பார்ட்னர் திட்டத்துக்கான பரிசீலனை. இங்கே மட்டும் சேனலை முழுதாகத்தான் பார்க்கிறார்கள். எல்லா வீடியோவையும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. சேனலின் மையப் பொருள், அதிகம் பார்க்கப்பட்டவை, சமீபத்தியவை, பார்வை நேரத்தில் பெரும்பங்கு பிடித்தவை, தலைப்பு-தம்ப்நெயில்-விவரக்குறிப்புகள், சேனலின் அறிமுகப் பகுதி ஆகியவற்றைப் பார்ப்பதாக யூடியூபே பட்டியல் கொடுத்திருக்கிறது. தொடக்க காலத்தில் சினிமாக் காட்சிகளை வெட்டி ஒட்டிப் போட்ட வீடியோ ஒன்று இன்றும் சேனலில் அதிகம் பார்க்கப்பட்டதாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே விழும். அழிப்பதற்குத் தகுந்த காரணம் இருக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. இதில் வேடிக்கை, அழிக்க வேண்டியது நன்றாக ஓடிய வீடியோவை. ஓடாததை யாரும் கேட்கப்போவதில்லை. முதல் முறை நிராகரிக்கப்பட்டால் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அல்லது 30 நாள் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். அடுத்தடுத்த நிராகரிப்புகளுக்குக் காத்திருப்பு 90 நாள்.

காப்புரிமை ஸ்டிரைக், சமூக வழிகாட்டி ஸ்டிரைக் எனும் விதிமீறல் தண்டனைகள் விழுந்த பிறகு வீடியோவை அழிப்பதால் ஸ்டிரைக் போகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பலர் பதறிப்போய் முதலில் செய்வது அதைத்தான்.

மூன்றாவது, ‘குழந்தைகளுக்கானது’ என்ற அமைப்பு. 2020 ஜனவரியில் இதன் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தபோது பல பழைய வீடியோக்கள் தவறான பிரிவில் விழுந்தன. பொம்மையோ கோலமோ திருவிழாவோ இருந்த வீடியோ குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்டிருந்தால், அதில் கமெண்ட் வராது, கார்டும், முடிவில் அடுத்த வீடியோக்களைக் காட்டும் எண்ட் ஸ்கிரீனும் வேலை செய்யாது. பார்த்து முடித்தவரை உங்கள் அடுத்த வீடியோவுக்கு அழைத்துப்போக இந்த வழிகள் இருக்காது. ஸ்டூடியோவின் வீடியோ பட்டியலில் பலவற்றை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்து இதை மாற்றலாம். உண்மையிலேயே குழந்தைகளுக்கான வீடியோவை மாற்றி வைப்பது விதிமீறல், அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

இனி, எதைத் திருத்துவது? எல்லாவற்றையும் திருத்த உட்கார்ந்தால் புதிய வீடியோ எடுக்க நேரம் இருக்காது. கணினியில் ஸ்டூடியோவைத் திறந்து, அனலிட்டிக்ஸில் ‘அட்வான்ஸ்டு மோட்’ போய், கால அளவைக் கடைசி 365 நாள் என்று வைத்து, பட்டியலைப் பார்வை எண்ணிக்கைக்குப் பதிலாக இம்ப்ரெஷன் எண்ணிக்கையால் வரிசைப்படுத்துங்கள். இந்த ஒரு மாற்றம் போதும், படமே மாறிவிடும். மேலே வருபவை யூடியூப் இன்னமும் மக்களிடம் காட்டிக்கொண்டிருக்கும் வீடியோக்கள். உழைப்புக்குப் பலன் கிடைப்பது இவற்றில்தான். அடியில் கிடப்பவற்றை அப்படியே விட்டுவிடலாம். முதல் 15, 20 வீடியோவுக்குக் கீழே போவது பெரும்பாலும் நேர விரயம் என்பது எங்கள் கருத்து.

இம்ப்ரெஷன் நிறைய, சிடிஆர் (காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் திறக்கப்பட்டது என்ற எண்) குறைவு, ஆனால் திறந்தவர்கள் நன்றாகப் பார்க்கிறார்கள் என்றால் கோளாறு தம்ப்நெயிலில் அல்லது தலைப்பில். சிடிஆர் நன்றாக இருந்து, பார்வை நேரம் சரிந்தால் கோளாறு உள்ளே, அல்லது தலைப்பு தராததைத் தருவதாகச் சொல்கிறது. சிடிஆரை மட்டும் துரத்துபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 10,000 இம்ப்ரெஷனில் 8 சதவீதம் என்றால் 800 பேர் திறக்கிறார்கள், ஏமாந்து 30 விநாடியில் வெளியேறினால் மொத்தம் 400 நிமிடம். 2 சதவீதம் என்றால் 200 பேர்தான், அவர்கள் 4 நிமிடம் இருந்தால் 800 நிமிடம். பாதிச் சேனல்களுக்கு சிடிஆர் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூப் சொல்கிறது. எந்த வழியாக வந்த இம்ப்ரெஷன் என்று பார்க்காமல் இந்த எண்ணைப் படிக்கக் கூடாது. தேடி வந்தவர் சுலபமாகத் தட்டுவார், முகப்பில் சும்மா உருட்டிக்கொண்டு போகிறவர் தட்டமாட்டார். 400 இம்ப்ரெஷனில் 12 சதவீதம் எடுத்த வீடியோவைவிட 2 லட்சத்தில் 4 சதவீதம் எடுத்தது நன்றாக ஓடும் வீடியோ.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 11 நிமிடம் 20 விநாடி ஓடும் அதிரசம் வீடியோ. எந்த விநாடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் தக்கவைப்பு வரைபடம் முதல் அரை நிமிடத்தில் செங்குத்தாகச் சரிகிறது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ஆறாவது விநாடியில் சுழலும் லோகோ, பிறகு ‘வணக்கம் நண்பர்களே’, பிறகு பெல் பட்டனை அழுத்தச் சொல்லும் வேண்டுகோள். பச்சரிசி திரைக்கு வருவது 52வது விநாடியில். பிறகு வரைபடம் சமமாகப் போகிறது, 4:10ல் திடீரென்று ஒரு மேடு. வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டினால் உருண்டு வருகிறதா என்று பதம் பார்க்கும் இடம் அது. மேடு என்றால் மக்கள் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று பொருள். பாகு பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும் என்பது செய்து பார்த்த எல்லோருக்கும் தெரியும், அந்தப் பயத்தில்தான் வருகிறார்கள். ஆனால் தம்ப்நெயிலில் இருப்பது தட்டில் அடுக்கிய அதிரசமும் பெரிய சிரிப்பு முகமும்.

இங்கே செய்ய வேண்டியவை இரண்டு. 0:06 முதல் 0:52 வரையுள்ள 46 விநாடியை வெட்ட வேண்டும். கணினியில் ஸ்டூடியோவில் அந்த வீடியோவைத் திறந்து, ‘எடிட்டர்’ போய், ‘ட்ரிம் அண்ட் கட்’ அழுத்தி, புதிய வெட்டு ஒன்றைப் போட்டு, சிவப்புப் பெட்டியின் இரு முனைகளையும் இழுத்து வைத்து, முன்னோட்டம் பார்த்துவிட்டுச் சேமிக்க வேண்டும். இணைப்பு, பார்வை எண்ணிக்கை, கமெண்ட் எதுவும் மாறாது. செயலாக்கத்துக்குச் சில மணி நேரம் பிடிக்கலாம், அதுவரை பழைய வடிவமே ஓடும். பிடிக்கவில்லை என்றால் மூல வடிவத்துக்குத் திரும்பவும் முடியும். பார்ட்னர் திட்டத்தில் இல்லாத சேனலில் வீடியோ 1 லட்சம் பார்வையைத் தாண்டியிருந்தால் வெட்டைச் சேமிக்க விடாமல் போகலாம், 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோவிலும் இது நடக்காது. வெட்டு மட்டுமே முடியும், புதிய காட்சியைச் செருக முடியாது.

வெட்டிய பிறகு பலரும் மறப்பது, விவரக்குறிப்பில் எழுதிய நேரக் குறிப்புகளை. அவை தாமாக நகராது. ‘பாகு பதம் 4:10’ என்று எழுதியிருந்தால் அதை 3:24 ஆக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் குறிப்புகளால் உருவாகும் அத்தியாயத்தைத் தட்டியவர் மாவைப் பாகில் கலக்கும் இடத்திலோ எண்ணெய் காயும் இடத்திலோ போய் நிற்பார். அத்தியாயம் வேலை செய்ய முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும், ஏறுவரிசையில் குறைந்தது மூன்று குறிப்பு வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. கார்டுகள் இருக்கும் இடத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை தம்ப்நெயில். பாகு உருளும் காட்சியை நெருக்கத்தில் வைத்து ஒன்று, எண்ணெயில் பிரிந்த அதிரசத்தையும் முழுதாக வெந்ததையும் அருகருகே வைத்து ஒன்று, இப்போதுள்ளது ஒன்று. ஸ்டூடியோவின் ‘டெஸ்ட் அண்ட் கம்பேர்’ (ஏ/பி சோதனை) வசதியில் மூன்று வரை போட்டியிட வைக்கலாம். நீளமான வீடியோக்களுக்கு மட்டும், அதுவும் கணினியில் மட்டும். சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை பிடிக்கும். வெற்றியைத் தீர்மானிப்பது பார்வை நேரத்தில் கிடைத்த பங்கு, சிடிஆர் அல்ல. அதனால்தான் வெறும் கவர்ச்சிப் படம் இதில் தோற்பதுண்டு. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தால் முடிவு வராது, நல்ல வித்தியாசத்தோடு செய்யுங்கள். படத்தின் வலது கீழ் மூலையில் எழுத்து வைக்காதீர்கள், வீடியோவின் நேர அளவு அதை மறைத்துவிடும். அளவு குறைந்தது 1280க்கு 720 பிக்சல் இருக்கட்டும். செய்து முடித்ததும் கைபேசியில் ஒரு விரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், எழுத்து படிக்க முடியவில்லை என்றால் நாலு சொல்லை இரண்டாக்குங்கள்.

தலைப்பில் கை வைக்கும் முன் ‘யூடியூப் தேடல்’ வழியாக எந்தச் சொற்களைத் தட்டி வருகிறார்கள் என்று ‘ரீச்’ பகுதியில் பார்த்துவிடுவது அவசியம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள் ஏராளம், அந்த வழியில் வருகிறவர்கள் இருந்தால் அந்த வடிவம் தலைப்பிலோ விவரக்குறிப்பிலோ இருக்கட்டும். ஏற்கெனவே தேடல் கூட்டத்தைக் கொண்டுவரும் சொற்றொடரை ஸ்டைலுக்காகத் தூக்கிவிட்டு, வரவும் நின்றுபோன பிறகு ‘யூடியூப் கை வைத்துவிட்டது’ என்று சொல்வதில் பயனில்லை. டேக் பெட்டியை நிரப்புவதற்கு மணிக்கணக்கில் மெனக்கெட வேண்டாம். டேகுகளின் பங்கு மிகக் குறைவு, எழுத்துப்பிழையாகத் தேடப்படும் பெயர்களுக்கு மட்டும் ஓரளவு உதவும் என்பது யூடியூபே சொல்லியிருப்பது.

ஒரே நாளில் தலைப்பு, தம்ப்நெயில், வெட்டு மூன்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒன்றை மாற்றி, தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்று நான்கு வாரம் விட்டு, அதே நீளமுள்ள முந்தைய காலத்தோடு ஒப்பிடுங்கள். பண்டிகைப் பொருள் என்றால் போன வருடம் அதே வாரங்களோடு. அதிரசத்தை ஜனவரியில் திருத்திவிட்டு பிப்ரவரியில் பார்த்தால் எதுவும் ஏறியிருக்காது. தீபாவளிக்கு ஐந்தாறு வாரம் முன்பே திருத்தம் முடிந்திருக்க வேண்டும். மாற்றியதாலேயே யூடியூப் ஒரு வீடியோவைத் தூக்கிவிடுவதில்லை. மாறிய பிறகு மக்கள் வேறு விதமாக நடந்துகொண்டால்தான் எண்கள் நகரும். அதனால் வாரம் ஒருமுறை தம்ப்நெயிலை மாற்றிக்கொண்டே இருப்பது வெறும் பொழுதுபோக்கு.

இன்னும் வரத்து உள்ள பழைய வீடியோக்களில் எண்ட் ஸ்கிரீன் இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய வீடியோக்களில் இருப்பதே இல்லை. கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் நான்கு கூறுகள் வரை வைக்கலாம். ‘சமீபத்திய வீடியோ’ என்று வைப்பதே வழக்கமாகிவிட்டது. அதிரசம் பார்த்து முடித்தவருக்கு நேற்றுப் போட்ட ஊறுகாய் வீடியோ எதற்கு? கைமுறுக்கு வீடியோவைக் குறிப்பிட்டுத் தேர்ந்து வைத்தால் போக வாய்ப்புண்டு. பழைய வீடியோவிலிருந்து புதியதற்கு ஆளை அழைத்துவரும் பாலம் இதுதான், அழிப்பவர்கள் உடைப்பதும் இதைத்தான். ஷார்ட்ஸ் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றிலும் ‘தொடர்புடைய வீடியோ’ இணைப்பைச் சேர்க்கலாம். ஷார்ட்ஸ் ஓடாததால் நீள வீடியோ ஓடாது என்ற பயமும் வேண்டாம்.

கடைசியாக, ‘சேனல் கிளீனிங்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு வீடியோக்களை மொத்தமாக அழித்துத் தருபவர்கள் பற்றி. இவர்கள் முதலில் கேட்பது ஜிமெயில் பாஸ்வேர்டை. யாருக்கும் கொடுக்காதீர்கள். சேனலை ஒருவர் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றால் ஸ்டூடியோவின் அமைப்புகளில் ‘பெர்மிஷன்ஸ்’ போய், அவருடைய மின்னஞ்சலுக்கு ‘வியூவர்’ உரிமை கொடுத்தால் போதும். எல்லா எண்களையும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. திருத்தம் செய்பவருக்கு ‘எடிட்டர்’ உரிமை. வேலை முடிந்த அன்றே நீக்கிவிடுங்கள். ‘வியூவர்’ உரிமை போதாது, பாஸ்வேர்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் இனி இது குறித்த கேள்வி வந்தால், ‘அழித்துவிடுங்கள்’ என்று பதில் போடும் முன் அந்த வீடியோவுக்கு மாதம் எத்தனை இம்ப்ரெஷன் வருகிறது, கடைசி 12 மாதத்தில் எத்தனை மணி நேரம் தந்திருக்கிறது என்ற இரண்டு எண்களையாவது வாசகரிடம் கேட்டு வாங்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டிங், சேனல் பகுப்பாய்வுப் பணியில் உள்ள வாசகர்கள்,
மதுரை.